வீட்டு முற்றத்தில் லோயரிங் ஸ்பிரிங்: போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

லோயரிங் ஸ்பிரிங் என்பது காரின் பாரத்தைத் தாங்கக் கம்பெனி கொடுத்த ஸ்பிரிங்கைவிடக் குட்டையாகவும் கொஞ்சம் கடினமாகவும் இருக்கும். அதைப் போட்டால் கார் பொதுவாக 30 முதல் 40 மி.மீ. வரை கீழே இறங்கி உட்காரும், வளைவில் வண்டி சாய்வது குறையும், பார்க்கவும் அழகாக இருக்கும். வீடியோக்களில் இரண்டு மூன்று பேர் பேசிச் சிரித்துக்கொண்டே அரை நாளில் மாற்றிவிடுகிறார்கள். அவர்களுக்குத் தரை சிமென்ட், வண்டி புதிது, நட்டெல்லாம் கை வைத்ததும் சுற்றி வருகிறது. நான் இதைச் செய்தது தக்கலைக்குப் பக்கத்தில், மண் முற்றத்தில், கடற்கரையோரம் பல வருடம் ஓடிய காரில், கூட ஒரு ஆள் இல்லாமல். அந்தச் சில நாட்களில் பட்டதை முழுசாக எழுதிவிடுகிறேன். இதே வேலையில் இறங்கப் போகிற யாராவது நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருப்பார்கள். எனக்கு முன்கூட்டிச் சொல்ல ஆள் இல்லை.

வண்டி இரண்டாம் தலைமுறை ஸ்விஃப்ட், டீசல். குளச்சல் பக்கத்தில் ஒருவரிடம் வாங்கியது. உள்ளே சுத்தம், இன்ஜின் நன்றாக இருந்தது. அண்டி ஆபீஸில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், கணக்கு எழுதுகிற எனக்கு அது பெரிய காசு. சின்ன வயதிலிருந்தே அண்ணன்தான் எனக்கு வண்டி வேலை கற்றுக்கொடுத்தான். ஆயில் மாற்றுவது, பிரேக் பேட் மாற்றுவது எல்லாம் இருவரும் சேர்ந்து முற்றத்திலேயே செய்வோம். இப்போது அவன் கத்தாரில் இருக்கிறான். ஸ்பிரிங் செட்டை 16,500 ரூபாய் கொடுத்து ஆன்லைனில் வரவழைத்தேன். மாற்றித் தர வர்க்‌ஷாப்பில் 4,000 கேட்டார்கள். வேலையைக் கையால் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இருந்ததால் வீட்டிலேயே செய்யலாம் என்று முடிவு செய்தேன்.

வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் பின்னால் வருவது புரியும். இந்த மாதிரி கார்களில் முன்பக்கம் ஸ்பிரிங்கும் அதன் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட். பின்பக்கம் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி, இரண்டு சக்கரத்துக்கும் நடுவே குறுக்காக ஒரு பீம். பின்பக்க வேலை சுலபம். பீமுக்கு அடியில் ஜாக்கை முட்டுக்கொடுத்து, ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி, ஜாக்கை மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து கையோடு வந்துவிடும். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் (திடீரென்று பிரேக் போட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) ஒயரும் விறைத்து இழுபடாமல் பார்த்துக்கொண்டால் போதும். முன்பக்கம் அப்படி இல்லை. ஸ்ட்ரட்டை முழுதாக வெளியே எடுத்து, அதில் இறுகி நிற்கும் ஸ்பிரிங்கைக் கம்ப்ரஸர் என்ற ஸ்க்ரூக் கருவி போட்டு அழுத்தி, அப்புறம்தான் மேலே இருக்கும் நடு நட்டைக் கழற்ற வேண்டும். ஒரு முன் சக்கரம் தாங்குவது சுமார் 300 கிலோ. அவ்வளவு எடையைத் தாங்குகிற ஸ்பிரிங்கை நாம் கையால் முறுக்கி அழுத்தி, மடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறோம். அழுத்தாமல் அந்த நடு நட்டைக் கழற்றினால் ஆளைக் கொல்லும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை காலையில் தொடங்கினேன். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. இடைவெளி பார்த்துச் செய்வதானால் தை பிறந்த பிறகு செய்யுங்கள். எனக்கு லீவு கிடைத்தது அப்போதுதான். முந்தின இரவு பெய்த மழையில் முற்றத்து மண் ஊறி இருந்தது. டிராலி ஜாக்குக்கு அடியிலும் தூக்கிய வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டுகளுக்கு அடியிலும் தடித்த ஆஞ்சிலிப் பலகைத் துண்டுகளைப் போட்டேன். அது இல்லாவிட்டால் ஸ்டாண்டின் கால் மண்ணுக்குள் இறங்கிவிடும். பலகை போட்டும்கூட மதியத்துக்குள் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்ததைக் கண்டு மறுபடி ஜாக் வைத்துத் தூக்கி, பலகையை அகலமானதாக மாற்றினேன். மண் தரை என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஸ்டாண்டைக் குனிந்து பாருங்கள். கழற்றிய சக்கரத்தை வண்டியின் ஓரத்துக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள். ஸ்டாண்டு சரிந்தாலும் வண்டி அதன் மேல் உட்காரும், உங்கள் மேல் உட்காராது. வண்டியோடு வருகிற குட்டி ஜாக்கை நம்பி இந்த வேலையில் கை வைக்கவே வேண்டாம்.

முதல் சிக்கல் துரு. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி என்று கடலோரத்தில் ஓடின வண்டிகளின் அடிப்பாகத்தை ஒரு முறை படுத்துப் பார்த்தால் தெரியும். பெயிண்ட் நன்றாக இருக்கும், உள்ளே போல்ட்டெல்லாம் செதில் செதிலாக உரிந்து நிற்கும். வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரை ஸ்ட்ரட்டோடு இணைக்கிற லிங்க் ஒன்று உண்டு. அதன் நட்டைச் சுற்றினால் உள்ளே இருக்கும் பந்து மூட்டும் சேர்ந்து சுற்றும். அது சுற்றாமல் பிடிக்க நுனியில் ஆலன் கீ போட ஒரு அறுகோணப் பள்ளம் இருக்கும். என் வண்டியில் அந்தப் பள்ளம் துருவால் அடைந்து, ஆணியால் சுரண்டிச் சுரண்டி ஆலன் கீயை உள்ளே விட்டால் இரண்டாவது முறுக்கிலேயே பள்ளம் வட்டமாகிவிட்டது. ஒரு நட்டுக்கு ஒன்றரை மணி நேரம். கடைசியில் பக்கத்து வீட்டில் கிரைண்டர் வாங்கி லிங்கையே அறுத்தேன். இரண்டு பக்கமும் புது லிங்க் 1,900 ரூபாய். வலது பின் ஷாக்கின் கீழ் போல்ட் அதைவிட மோசம். போல்ட் ரப்பர் புஷ்ஷின் உள் குழாயோடு ஒட்டிப்போய், நீளக் கம்பி போட்டு முறுக்கியபோது தலை மட்டும் தனியாக வந்துவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் வயிறு கலங்கியது. வண்டி ஸ்டாண்டில் நிற்கிறது, பொழுது சாய்கிறது, திங்கட்கிழமை அம்மாவை ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு செக்கப்புக்குக் கூட்டிப்போக வேண்டும்.

அதனால் நம் ஊர்க்காரர்களுக்கு முக்கியமாக ஒன்று சொல்கிறேன். ஸ்பிரிங் ஆர்டர் செய்வதற்கு முன் வண்டிக்கு அடியில் போய்க் கழற்ற வேண்டிய ஒவ்வொரு போல்ட்டையும் போட்டோ எடுங்கள். துரு பிடித்தது எது என்று பார்த்து அதற்கு மாற்று போல்ட், நட், இரண்டு லிங்க் எல்லாவற்றையும் முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். வேலைக்கு மூன்று நான்கு நாள் முன்பிருந்தே தினமும் சாயங்காலம் கம்பி பிரஷால் தேய்த்துவிட்டு ரஸ்ட் ஸ்பிரே அடித்து வாருங்கள். ஒரு நாள் ராத்திரி அடித்தால் நம் பக்கத்துத் துருவுக்குப் போதாது. முறுக்கும்போது தளர்த்துகிற திசையிலேயே பலத்தைக் காட்டாமல், கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி ஸ்பிரே அடித்து என்று முன்னும் பின்னும் அசைத்து வந்தால் பல போல்ட்டுகள் உடையாமல் வரும். எதையாவது மாற்று பாகம் வாங்க ஓட வேண்டி வந்தால் கடை திறந்திருக்கிற நாளாகவும் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில் திறந்த ஸ்பேர்ஸ் கடையைத் தேடி அலைந்தது தனிக் கதை.

உடைந்த போல்ட்டை எடுக்க வில்லுக்குறியிலிருந்து ஒரு ஆசான் வந்தார். வயதானவர், அந்தக் காலத்து அம்பாசடரில் தொழில் கற்றவர். அடியில் எட்டிப் பார்த்துவிட்டு முதலில் போல்ட்டைப் பற்றிக் கேட்கவில்லை. “மக்களே, ஒத்தைக்கா நின்னு இவ்வளவும் கழட்டின?” என்று கேட்டார். ஆமா ஆசானே என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் ஸ்டாண்டுகளை ஒவ்வொன்றாகக் காலால் தட்டிப் பார்த்தார். அப்புறம் தலை போன போல்ட்டின் மீதி நுனி மேல் ஒரு நட்டை வைத்து வெல்டு செய்து, வெல்டின் சூடு ஆறுவதற்குள் ஸ்பேனர் போட்டு அசைத்து எடுத்துவிட்டார். சூடு ஏறும்போது இரும்பு விரிந்து துருவின் பிடி விட்டுப்போகிறது, அதுதான் சூட்சுமம். பக்கத்தில் இருந்த ரப்பரையும் பிரேக் ஹோஸையும் ஈரச் சாக்கால் மூடிக்கொண்டு, ஒரு வாளி தண்ணீரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வெல்டு அடித்தார். டீசல் டேங்க் கிட்ட இருக்கிற இடத்தில் நெருப்பு வேலை செய்வதால் அனுபவம் இல்லாதவர்கள் இதைத் தாங்களே முயல வேண்டாம். அவர் 1,500 வாங்கினார், புது போல்ட்டுகளுக்கு 360.

இனி முன்பக்கம். கழற்றுவதற்கு முன் செய்த இரண்டு காரியம் எனக்குப் பிறகு மிகவும் உதவியது. ஸ்ட்ரட்டின் அடிப்பாகம் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு இரண்டு பெரிய போல்ட்டால் சேர்கிறது. அந்தப் போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டு வைத்தேன், திரும்ப மாட்டும்போது அதே இடத்துக்குக் கொண்டுவர. மற்றது, போல்ட்டை உருவியதும் நக்கிள் வெளிப்பக்கமாகச் சாயும். விட்டால் சக்கரத்தைச் சுற்றும் டிரைவ் ஷாஃப்ட்டை இழுத்து உள் மூட்டைக் கழற்றிவிடும், பிரேக் ஹோஸிலும் தொங்கும். அதைக் கயிறு போட்டு மேலே கட்டிவிட்டேன். பிரேக் ஹோஸை அதன் பிடிப்பிலிருந்து விடுவித்தால் போதும், பிரேக் லைனைத் திறக்க வேண்டியதே இல்லை. ஏபிஎஸ் ஒயர் கிளிப்பை மட்டும் பொறுமையாக எடுங்கள், பழைய பிளாஸ்டிக் சட்டென்று ஒடியும்.

ஸ்பிரிங் கம்ப்ரஸர் வாடகைக்கு எடுத்தது, நாளைக்கு 500 ரூபாய். இரண்டு நீள ஸ்க்ரூ, ஒவ்வொன்றிலும் மேலும் கீழும் கொக்கி. ஸ்பிரிங்கின் எதிரெதிர்ப் பக்கத்தில் மாட்டி, மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். முதல் ஸ்ட்ரட் சரியாக நடந்தது. இரண்டாவது, டிரைவர் பக்கத்து ஸ்ட்ரட். பாதிக்கு மேல் முறுக்கியிருப்பேன். ஸ்பிரிங்கின் மேல் பூச்சு துருவோடு சேர்ந்து மெல்லிய தகடாகப் பெயர்ந்தது, அதில் கொக்கி ஒரு விரல் அகலம் வழுக்கி நகர்ந்தது. ஒரு கிறீச் சத்தம். நான் ஸ்பேனரைப் போட்டுவிட்டுப் பக்கவாட்டில் விலகினேன். அடுத்த நொடி கொக்கி விட்டு ஸ்ட்ரட் மொத்தமாகத் துள்ளித் துவைக்கல்லில் போய் மோதியது. கல்லின் ஓரம் உள்ளங்கை அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. நடு நட்டைக் கழற்றாமல் இருந்ததால் ஸ்பிரிங் ஸ்ட்ரட்டை விட்டு வெளியே வரவில்லை. அது கழன்றிருந்த நேரமாக இருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது. அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்து “என்ன மக்களே, என்ன ஆச்சு” என்று கேட்டபோது வாயைத் திறந்தும் சத்தம் வரவில்லை. கை நடுக்கம் நிற்க வெகு நேரம் ஆனது.

அன்று அதற்கு மேல் தொடவில்லை. ராத்திரி அண்ணன் போனில் திட்டித் தீர்த்தான், அப்புறம் அழுதான். வேலையைத் தெரிந்த இன்னொரு ஆள் பக்கத்தில் இருந்தால், ஒருவர் முறுக்கும்போது மற்றவர் கொக்கியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். முறுக்குகிறவன் கண் ஸ்பேனரில் இருக்கும், நான்கு கொக்கியையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. இந்த ஒரு கட்டத்துக்காவது தனியாக நிற்காதீர்கள். ஆள் கிடைக்காவிட்டால் ஸ்ட்ரட் இரண்டையும் கழற்றிச் சாக்கில் சுற்றிப் பஸ்ஸில் எடுத்துப்போனாலும் சரி, வர்க்‌ஷாப்பில் சுவரிலோ மேசையிலோ பொருத்திய கம்ப்ரஸர் இருக்கும், சில நூறு ரூபாயில் மாற்றித் தருவார்கள். கழற்றுவதும் மாட்டுவதும் உங்கள் கையாலேயே நடக்கும், ஆபத்தான பத்து நிமிடம் மட்டும் அவர்கள் கையில். நானும் இரண்டாவது ஸ்ட்ரட்டை அப்படித்தான் கொடுத்தேன்.

வீட்டிலேயே அழுத்தத்தான் வேண்டும் என்பவர்கள் இவற்றைப் பாருங்கள். வாடகைக் கம்ப்ரஸரின் கொக்கி உள்பக்கம் தேய்ந்திருக்கிறதா என்று கடையிலேயே விரலால் தடவிப் பாருங்கள், தேய்ந்ததை வாங்காதீர்கள். கொக்கி நழுவாமல் தடுக்கும் பின் அல்லது பூட்டு உள்ளதாகக் கேளுங்கள். ஸ்க்ரூவுக்கு கிரீஸ் போடுங்கள். ஸ்பிரிங்கில் கொக்கி உட்காரும் இடத்தை மட்டும் கம்பி பிரஷால் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்துவிடுங்கள். என் கண் முன்னால் நழுவியது அந்தச் செதிலில்தான். ஸ்ட்ரட்டின் இரு முனையும் யாரையும் நோக்கி இருக்கக் கூடாது, உங்கள் முகமும் அதன் நேரே போகக் கூடாது. ஸ்பிரிங் மேல் தட்டை விட்டு விலகி, கையால் திருப்பினால் சும்மா சுற்றுகிறது என்று உறுதியான பிறகே நடு நட்டைத் தொடுங்கள். நட்டு முறுக்கும் மெஷினால் (இம்பாக்ட் கன்) கம்ப்ரஸரை முறுக்க வேண்டாம், கை ஸ்பேனர்தான்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியதும் உண்டு. புது ஸ்பிரிங்கின் அடி நுனி தட்டில் இருக்கும் படியில் போய்ச் சரியாக உட்கார வேண்டும், இல்லையென்றால் ஓட்டும்போது டொக் என்று திரும்பும். ஸ்பிரிங்கோடு வரும் தாளில் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பரை எவ்வளவு வெட்ட வேண்டும் என்று போட்டிருக்கும். வெட்டச் சொன்னால் அந்த அளவு மட்டும் வெட்டுங்கள். வெட்டாவிட்டால் வண்டி அந்த ரப்பரின் மேலேயே உட்கார்ந்து கட்டைபோல் குதிக்கும், அதிகம் வெட்டினால் ஷாக்கின் உள்ளே இரும்பும் இரும்பும் இடிக்கும். நடு நட்டைப் புதிதாகப் போடுங்கள். பின் ஷாக்கின் கீழ் போல்ட் மாதிரி ரப்பர் புஷ் உள்ள இடங்களைச் சக்கரம் தொங்கும்போது முழுசாக இறுக்காதீர்கள். வண்டியைத் தரையில் இறக்கி, அதன் எடை சக்கரத்தில் விழுந்த பிறகு கடைசி இறுக்கம் கொடுங்கள். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையில் நின்று சீக்கிரம் கிழிந்துவிடும். டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கினேன், 2,800. மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்கினோம் என்ற நிம்மதிக்கு அது வேண்டும். ஸ்டாண்ட் ஜோடி 2,200. இவை இரண்டும் இன்றைக்கும் பயன்படுகின்றன, அந்தப் பணத்தில் வருத்தம் இல்லை.

இதற்கிடையில் திங்கட்கிழமை வந்துவிட்டது. அம்மாவை ஆட்டோவில் ஆசாரிப்பள்ளத்துக்குக் கூட்டிப்போனேன். வண்டி எழும்பும்வரை ஆபீஸுக்கும் ஸ்பேர்ஸுக்குமாக ஆட்டோவுக்கு மட்டும் 1,400 போயிற்று. வீட்டில் ஒரே வண்டிதான் என்றால், அது நிற்கிற நாளில் அவசரம் வந்தால் என்ன செய்வது என்று முன்பே ஒருவரிடம் பேசி வையுங்கள்.

வண்டி தரையில் இறங்கியதும் நான்கு சக்கரத்தையும் சுற்றி வந்து பார்த்தேன். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே கை நுழைகிற இடைவெளி போய், இரண்டு விரல் மட்டும் நுழைந்தது. மனசு நிறைந்துதான் போனது, பொய் சொல்லக் கூடாது. ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே எடுத்துப் போனேன். கணவாய்க் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது முன்பு வண்டி தள்ளாடும், இப்போது அசையாமல் ஓடியது. ஆனால் ஸ்டியரிங் நேராக இல்லை. கார் தாழ்ந்தால் முன் சக்கரங்களின் டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மாறும், சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும். அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டினால் டயரின் உள்ஓரம் வெளியே தெரியாமல் தேய்ந்துகொண்டிருக்கும். உடனே ஒரு தடவை, ஸ்பிரிங் படிந்து உட்கார்ந்தபின் சில நூறு கிலோமீட்டர் கழித்து மறுபடி ஒரு தடவை பார்க்க வேண்டும். எனக்கு ஒவ்வொரு தடவைக்கும் 700 ஆயிற்று. ஹெட்லைட் அடிக்கும் உயரத்தையும் சரிசெய்யச் சொல்லுங்கள். ஏபிஎஸ் இல்லாத சில பழைய வண்டிகளில் பின் பிரேக்கின் பலத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு பின் அச்சோடு கம்பியால் இணைந்திருக்கும். வண்டி தாழ்ந்தால் அது பின்னால் பாரம் ஏறிவிட்டதாக எடுத்துக்கொண்டு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். அப்படி உங்கள் வண்டியில் இருந்தால் தெரிந்த மெக்கானிக்கிடம் சரிசெய்யாமல் ஓட்டாதீர்கள்.

சாலையைப் பற்றி நான் போதுமான அளவு யோசித்திருந்ததாகத்தான் நினைத்தேன். ஸ்விஃப்ட்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 170 மி.மீ., அதில் 35 போனால் 135. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். அந்த அளவில் இருந்தால் தாழ்த்திய வண்டியும் மெதுவாக ஏறி இறங்கிவிடும். குலசேகரம், திருவட்டாறு பக்கத்து உள்ரோடுகளில் ஊர்க்காரர்கள் போட்ட தடைகள் அகலம் குறைந்து கூராக நிற்கின்றன. முன் சக்கரம் இறங்கிய நொடியில் வண்டியின் வயிறு தடையின் முதுகில் உரசும். அம்மாவும் சித்தியும் குடும்பமாகப் பின்னால் உட்கார்ந்தால் இன்னும் தாழும். அடியில் இருக்கும் பிளாஸ்டிக் ஷீல்டு கிழிந்து தொங்கியது, மாற்ற 1,800. ரப்பர் விளைகளுக்கு நடுவே மழை அரித்த மண்பாதையில் உள்ள எங்கள் மாமா வீட்டுக்குப் போவதையே அம்மா நிறுத்திக்கொண்டாள். உங்கள் வண்டி தினமும் போகிற வழியில் உள்ள தடைகளை முன்பே இறங்கி அளந்து பாருங்கள், நீளமான ஒரு பட்டிக்கட்டையும் டேப்பும் போதும்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு கம்பெனி வடிவமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில், தயாரிப்பாளர் கொடுத்த அளவுகளை மாற்றக் கூடாது என்று தீர்ப்பு சொன்னது. அதே வருடம் திருத்திய சட்டத்தின் 182ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ இரண்டுமோ என்று இருக்கிறது. நமக்குக் களியக்காவிளை தாண்டினால் கேரளம், அங்கே மாற்றியமைத்த வண்டிகள் மேல் சோதனை கடுமை. திருவனந்தபுரத்தில் கல்யாணம், ஆஸ்பத்திரி என்று எங்கள் குடும்பத்துக்குப் போக்குவரத்து அதிகம். ஸ்பிரிங் போட்டபின் அந்தப் பக்கம் காரை எடுக்கத் தயங்கி பஸ்ஸிலேயே போய் வந்தோம். இன்ஷூரன்ஸில் தெரிவிக்காத மாற்றம் இருந்தால் விபத்து நேரத்தில் பணம் மறுக்க அதுவே காரணமாகலாம். இவற்றையெல்லாம் தெரிந்த பின்பும் போடுவதா என்பது அவரவர் முடிவு, ஆனால் தெரியாமல் போடாதீர்கள்.

சில மாதங்களில் முன் ஷாக் இரண்டிலும் ஆயில் கசிந்தது. பழைய ஷாக்கில் கடினமான ஸ்பிரிங்கைப் போட்டால் அதன் துள்ளலை அடக்க ஷாக் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். வண்டி நிறைய ஓடியிருந்தால் ஸ்பிரிங்கோடு சேர்த்து ஷாக்குக்கும் பணம் ஒதுக்கிவிடுங்கள், இரண்டு முறை கழற்றும் செலவு மிச்சம். எனக்குப் புது ஸ்ட்ரட் ஜோடி 6,400 ஆயிற்று. அவற்றை மாட்டும்போதே பழைய கம்பெனி ஸ்பிரிங்கையும் திரும்பப் போடச் சொல்லிவிட்டேன், கூலி 2,500. கம்ப்ரஸர் வாடகை 1,500-ஐயும் சேர்த்தால் மொத்தம் 40,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. வர்க்‌ஷாப்பில் கேட்ட கூலியோ 4,000. கழற்றிய பழைய ஸ்பிரிங்கை ஆயில் தடவிச் சாக்கில் கட்டிப் பரணில் வைத்திருந்தேன், அதனால் புதிது வாங்க வேண்டிய செலவு வரவில்லை. யாராவது பழைய இரும்பு விலைக்குக் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

லோயரிங் ஸ்பிரிங்கை மதுரைக்காரர் ஒருவர் 8,000-க்கு வாங்கிக்கொண்டார். அவரும் வீட்டில்தான் போடப் போகிறாராம். கம்ப்ரஸர் கொக்கிகளைக் கிட்டத்தில் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். ஒன்றின் உள்பக்கம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கும்படியும், அவருடைய தம்பி ஊரிலிருந்து வருகிற ஞாயிற்றுக்கிழமைவரை முன்பக்கத்தைத் தொடாமல் இருக்கும்படியும் சொல்லியிருக்கிறேன். சரி அண்ணே என்று ஒத்துக்கொண்டார்.